அறுபதாம் கல்யாணத்துக்கு ராஜ கல்யாண மெடல்: எதை வாங்கலாம்?

நாணயம் சேக்குற ஆளுக்கு பரிசு வாங்குறது சள்ளை பிடிச்ச வேலை. வேட்டி சட்டைன்னா வாங்கி பீரோல வச்சிட்டு மறந்துருவாவ, நாணயம்னா லென்ஸை எடுத்துட்டு வந்து உக்காந்து அதுல உள்ள குத்தம் குறை எல்லாத்தையும் குடுத்தவன் மூஞ்சிக்கு நேரயே சொல்லுவாவ. எனக்க மாமா அந்த ரகம். நாகர்கோவில் வடசேரில வீடு, ரிட்டயர்டு, பழைய நாணயம்னா சோறு தண்ணி வேண்டாம். அவருக்கு இப்போ அறுபதாம் கல்யாணம், சுசீந்திரத்துல வச்சு. மருமக்கமார் நாங்க எல்லாரும் ஆளுக்கு கொஞ்சம் போட்டு ஒரே சாமானா வாங்கிக் குடுப்போம்னு பேசி, கல்யாணத்துக்கு கல்யாணமே பொருத்தம்னு, ஏதாவது ஒரு ராஜ கல்யாணத்துக்காக அடிச்ச பழைய வெண்கல மெடல் வாங்குறதுன்னு முடிவாச்சு. எந்த ராஜா, எந்த மெடல்ங்கிறதுலதான் அடி. எங்க குடும்ப வாட்ஸாப் குரூப்ல ஓடின வழக்கை எல்லாம் விட்டுட்டு, தேடினதுல தெரிஞ்ச விஷயத்தை மட்டும் இங்க போடுகேன், இதே மாதிரி யோசிக்கிறவங்களுக்கு ஆகும்.

முதல்ல நம்ம ஊரு ராஜாவைப் பாத்துருவோம், ஏன்னா எல்லாரும் முதல்ல கேட்டது அதுதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம்தானே, பத்மநாபபுரம் அரண்மனையே நம்ம தக்கலை பக்கத்துல இருக்கு, அப்போ திருவிதாங்கூர் ராஜா கல்யாண மெடலா பாத்து வாங்குனா என்னன்னு தக்கலைல இருக்குற தம்பி கேட்டான். கேக்க கொள்ளாம். ஆனா அங்க மருமக்கத்தாயம். ராஜாக்க பொண்டாட்டி ராணி கிடையாது, அவுங்களுக்கு அம்மச்சின்னு பேரு, ராஜாக்க மகன் ராஜா ஆக மாட்டான், சகோதரி மகன்தான் அடுத்து. (அந்த கணக்குல பாத்தா மாமாக்க நாணயம் முழுக்க மருமக்கமாரான எங்களுக்குத்தான் வரணும், ஆனா இதை மாமி முன்னால சொல்ல முடியாது.) கடைசி ராஜா சித்திரைத் திருநாள் பாலராம வர்மா கல்யாணமே பண்ணிக்கிடல. அவருக்க தலை போட்ட செம்பு சக்கரக் காசு, கொல்லம் ஆண்டு 1114 போட்டது, மாமாட்ட ஏற்கனவே இருக்கு. ஆக, ராஜாவும் ராணியும் ஜோடியா நிக்கிற மெடல் வேணும்னா வெளிநாடுதான் பாக்கணும்.

அடுத்து 1981. சார்லஸ், டயானா. சின்னவன் ஒருத்தன் இதை ஆன்லைன்ல பாத்துட்டு "இதுதான், விலையும் கம்மி, எல்லாருக்கும் தெரிஞ்ச ஜோடி"ன்னு ஒத்தக்கால்ல நின்னான். அவன் காட்டினது மெடலே இல்ல, பிரிட்டன் அரசாங்கம் அடிச்ச நாணயம், 25 பென்ஸ் மதிப்பு, ஆனா அந்த மதிப்பை நாணயத்துல எங்கயும் எழுதல, அதனாலதான் பாதிபேரு மெடல்னு சொல்லி விக்கிறாவ, பாதிபேரு மெடல்னு நம்பி வாங்குறாவ. 38.61 மில்லிமீட்டர், 28.28 கிராம், செம்பும் நிக்கலும் கலந்தது, வெண்கலம் கிடையாது. ஒரு பக்கம் ராணி எலிசபெத், மறுபக்கம் சார்லஸும் டயானாவும் ஒட்டுன மாதிரி முகம். 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல அடிச்சு விட்டுருக்காவ. அவ்வளவு அடிச்ச சாமான் எந்தக் காலத்துலயும் அரிதாகப் போறதில்ல, பாதி வீட்டுல பிளாஸ்டிக் டப்பாவைத் திறக்காமயே வச்சிருப்பாங்க, அதனால புத்தம் புதுசா கிடைச்சாலும் ஆச்சரியம் இல்ல. இது போக 1992ல பிரிஞ்சு 1996ல விவாகரத்து ஆன ஜோடியை அறுபதாம் கல்யாண மணவறைல கொண்டு நீட்டுறது எனக்கு சரியாப் படல. மெடலுக்கு என்ன தெரியும்னு அவன் கேக்கான். மெடலுக்கு தெரியாது, மாமிக்கு தெரியும்.

இதோட சேத்து இன்னொருத்தி 2007ல வந்த 5 பவுண்ட் நாணயத்தைக் காட்டினா, எலிசபெத், பிலிப் வைர விழா கல்யாண நாள். ஜோடி விஷயத்துல இதை அடிச்சுக்க ஆளே இல்ல, 1947 நவம்பர் 20ல கட்டி 2021 ஏப்ரல்ல பிலிப் சாகுற வரைக்கும் 73 வருஷம். பின்பக்கம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்க வட்டமான ரோஜா ஜன்னல், அழகாதான் இருக்கு. ஆனா "அறுபதுக்கு அறுபது"ன்னு அவ சொன்ன பொருத்தம் நிக்காது, அங்க அறுபது வருஷ தாம்பத்யம், இங்க மாமாக்கு அறுபது வயசு. அதுவும் வெண்கலம் இல்ல. ரொம்ப புதுசு வேற, மாமா லென்ஸே எடுக்க மாட்டாவ.

இனி நெப்போலியன். இதுலதான் எனக்கு மனசு ரொம்ப நேரம் கிடந்துது.

1810 ஏப்ரல் 1ஆம் தேதி செயின்ட் க்ளூல பதிவுத் திருமணம், மறுநாள் லூவ்ருல மதச் சடங்கு. பொண்ணு ஆஸ்திரியா இளவரசி மரி லூயிஸ், 18 வயசு, மாப்பிள்ளைக்கு 40. அதுக்கு முந்தின மாசமே வியன்னாவுல ஒரு கல்யாணம் நடந்தாச்சு, மாப்பிள்ளை இல்லாமலே, பொண்ணுக்க சித்தப்பா சார்லஸ் மாப்பிள்ளைக்குப் பதிலா நின்னுருக்காரு. மெடலைச் செதுக்குனது ஆந்திரியு, மேற்பார்வை தெனோன். ஒரு பக்கம் ரெண்டு பேரு தலையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா. மறுபக்கத்தைத்தான் பாக்கணும்: ரெண்டு பேரும் பழைய ரோமாபுரி உடுப்புல கையைக் கோத்து நிக்காவ, முன்னால ஒரு பீடம், அதுல தீ எரியுது. எழுத்து ஒண்ணு படிக்கத் தெரியாத ஆளுகூட பாத்த மாத்திரத்துல கல்யாணம்னு சொல்லிருவாங்க. நான் பாத்ததுல இவ்வளவு தெளிவா கல்யாணத்தைக் காட்டுற மெடல் வேற இல்ல. 40 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், அதை விட சின்ன சைஸ்லயும் அடிச்சிருக்காவ.

பாரிஸ் அரசு நாணயச் சாலைல பழைய அச்சை எல்லாம் பத்திரமா வச்சிருந்து, கேக்க ஆள் இருக்குற வரைக்கும் திரும்பத் திரும்ப அடிச்சிக்கிட்டே இருந்துருக்காவ. அதனால 1810னு போட்டிருந்தாலும் அது 1810ல அடிச்சதுன்னு அர்த்தம் இல்ல. ஆனா அவுங்க ஒரு நல்ல காரியம் பண்ணினாவ, 1832லருந்து மெடலுக்க விளிம்புல, அதாவது ஓரத்துல சுத்தி வர்ற அந்த ஒல்லி பட்டைல, ஒரு சின்ன முத்திரை குத்திருவாவ. விளக்கு இருந்தா 1832லருந்து 1841 வரைக்கும். நங்கூரம்னா 1841-42. கப்பல் முகப்புன்னா 1842லருந்து 1845. விரல் நீட்டுன கைன்னா 1845லருந்து 1860. தேனீன்னா 1860லருந்து 1879. 1880க்கு அப்புறம் எல்லாம் பழமும் பூவும் வழியுற கொம்பு. கூடவே செம்பா வெண்கலமான்னும் பிரெஞ்சுல எழுதியிருக்கும். ஒண்ணுமே இல்லாம வழுவழுன்னு இருந்தா 1832க்கு முந்தினதா இருக்கலாம், இல்லேன்னா எவனாவது ராவி எடுத்திருக்கலாம், அதுல தேறுறது கஷ்டம்.

எனக்கு இது ரொம்ப பிடிச்சிருந்துது, ஏன்னா நாங்க யாரும் நிபுணர் கிடையாது, "ஒரிஜினல்"னு விக்கிறவன் சொல்லுகத நம்பி பெரிய காசு குடுக்குறதுக்கு பதிலா, தேனீ குத்துன மறு அச்சு ஒண்ணை அதுக்குள்ள விலைக்கு வாங்குனா அது என்ன, எப்போ அடிச்சதுன்னு மெடலே சொல்லிருது. மறு அச்சுன்னா மட்டம்னு ஒரு பேச்சு இருக்கு, நான் ஒத்துக்க மாட்டேன். வயசை மறைக்காத சாமான்ல ஏமாற வழி கம்மி, அதுவும் தேனீன்னா இப்போ எப்பிடியும் 140 வருஷத்துக்கு மேல ஆச்சு.

பிரச்சினை என்னன்னா, மாமி. இப்பிடி ஒண்ணு பாத்து வச்சிருக்கோம்னு ஜாடைமாடையா கேட்டப்போ அவுங்க கேட்ட ஒரே கேள்வி, "அந்த ஆளுக்கு ஏற்கனவே ஒருத்தி உண்டும்லா?" உண்டு. ஜோசபின். பிள்ளை இல்லைன்னு அவளை விலக்கிட்டுத்தான் இந்தக் கல்யாணம். மரி லூயிஸும் 1814ல அவரு எல்பா தீவுக்கு போனப்போ கூடப் போகல. ரெண்டாம் தாரத்துக்க மெடலை அறுபதாம் கல்யாணத்துல வச்சு வாங்க மாமிக்கு மனசில்ல, அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

1893ஐ சுருக்கமா முடிச்சிருதேன். யார்க் கோமகன் ஜார்ஜ், மேரி, ஜூலை 6, செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை சேப்பல். இந்த ஜார்ஜ்தான் பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ், நம்ம ஊர்ல எவன் பழைய நாணயம் வச்சிருந்தாலும் அவருக்க தலை போட்ட ரூபா ஒண்ணாவது இருக்கும். மாமாட்ட 1911 ரூபா இருக்கு, அதுல ராஜாக்க அங்கில போட்டிருந்த யானை பாக்க பன்னியாட்டம் இருக்குன்னு பிரச்சினையாகி, அடுத்த வருஷமே யானையைத் திருத்தி அடிச்ச கதையை வீட்டுக்கு வர்ற எல்லார்ட்டயும் சொல்லுவாவ. அதனால ஜார்ஜ் கல்யாணம்னா ஒரு தொடர்ச்சி இருக்கு, ஜோடியும் கடைசி வரைக்கும் ஒழுங்கா வாழ்ந்த ஜோடி. ஆனா எங்க காசுக்கு தேடக் கிடைச்சது பூரா சின்னச் சின்ன வெள்ளை உலோக மெடல், ஈயமாட்டம் தெரியும், உள்ளது தகரக் கலவை. பிள்ளைகளுக்கு நெஞ்சுல குத்தி விடுறதுக்காக மேல ஓட்டை போட்டது. லேசா தட்டினாலே பள்ளம் விழுந்துரும், முகம் எல்லாம் தேஞ்சு மூக்கே இருக்காது. வெண்கலத்துல நல்லது கிடைச்சா யோசிக்கலாம், கண்ணுல படல.

கடைசில 1863. ஜார்ஜுக்க அப்பா அம்மா கல்யாணம். வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டுக்கும் டென்மார்க் இளவரசி அலெக்சாண்ட்ராவுக்கும் மார்ச் 10ஆம் தேதி விண்ட்சர்ல வச்சு. ஆனா நான் சொல்லுற மெடல் கல்யாணத்துக்கு நேரா அடிச்சது இல்ல, லண்டன் மாநகராட்சி அடிச்சது, கல்யாணத்துக்கு மூணு நாள் முந்தி மார்ச் 7ஆம் தேதி பொண்ணு லண்டன் நகரத்துக்குள்ள வந்ததுக்காக. நம்ம பொண்ணழைப்பு மாதிரின்னு வச்சுகிடுங்க. இதைச் சொன்ன உடனே மாமி பக்கம் எதிர்ப்பு பாதி குறைஞ்சுது. மாப்பிள்ளை பின்னாட்களில பண்ணுன கூத்து வேற கதை, அதுக்கு ஊரு உலகமே சாட்சி, ஆனா மெடல் பொண்ணை வரவேத்து அடிச்சது, பொண்ணு மேல ஒரு சொல்லு கிடையாது.

சாமான் எப்பிடின்னா, 77 மில்லிமீட்டர். நம்ம 10 ரூபா நாணயம் 27 மில்லிமீட்டர், மூணை வரிசையா அடுக்குனா எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு குறுக்களவு. உள்ளங்கை நிறையும், எதிர்பாக்குறதை விட கனம். உருவம் எல்லாம் அவ்வளவு எடுப்பா நிக்கிறதுக்கு ஒரே அடில அடிக்க முடியாது, ஒரு அடி, பிறகு சூடாக்கி இளக்கி திரும்ப ஒரு அடின்னு பல தடவை அச்சுல வச்சு அடிப்பாவ. நிறம் சாக்லேட் பழுப்பு. அது வயசால வந்த கறை இல்ல, அடிச்ச பட்டறைலயே போட்டு விட்ட பூச்சு, உள்ள பெரும்பாலும் செம்புதான், மேல அப்பிடி நிறம் குடுத்து வெண்கல மெடல்னு சொல்லுறது அந்தக் காலத்து வழக்கம்.

செதுக்குனவங்க ஜோசப் ஷெப்பர்ட் வயன், ஆல்பிரட் பெஞ்சமின் வயன், அண்ணன் தம்பி. இந்த வயன் குடும்பம்தான் எனக்கு தீர்ப்பு சொல்லிச்சு. மாமாட்ட 1840 கிழக்கிந்தியக் கம்பெனி ரூபா ஒண்ணு இருக்கு, விக்டோரியா தலை போட்டது, அதுல கழுத்து முடியுற இடத்துல லென்ஸை வச்சா டபிள்யூ டபிள்யூன்னு பொடி எழுத்துல தெரியும். வில்லியம் வயன். அந்த ரெண்டு எழுத்தைக் காட்டாம மாமா யாரையும் வீட்டுலருந்து அனுப்பினது கிடையாது, எங்களுக்கே எத்தனை தடவை காட்டியாச்சு. அந்தக் குடும்பத்துக்க அடுத்த தலைமுறை செதுக்குன மெடல், அதுவும் ஐந்தாம் ஜார்ஜுக்க அம்மா பொண்ணா வந்து இறங்குனதுக்கு அடிச்சது, மாமா வச்சிருக்குற ரெண்டு ரூபாவுக்கும் நடுவுல போய் உக்காரும். நெப்போலியன் மெடல் தனியா எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த அலமாரில அது விருந்தாளிதான்.

விலைன்னு பாத்தா 1981 தான் அடிமட்டம், அதுக்கு மேல நெப்போலியன் மறு அச்சு, 1863 இதுல எல்லாம் கூடுதல். எவ்வளவுன்னு இங்க போடல, நிலைமையைப் பொறுத்து, பெட்டியோட இருக்கா இல்லையாங்கிறதைப் பொறுத்து ரொம்ப மாறும். பெட்டி இருந்தா கூட குடுக்கலாமான்னா, பரிசுக்கு குடுக்கலாம், இல்லாட்டி அந்தக் காசுக்கு நல்ல நிலைமைல உள்ள மெடலைப் பாருங்க. வெளிநாட்டுலருந்து வரவழைச்சா கூரியர், கஸ்டம்ஸ் வரி எல்லாம் சேத்துதான் கணக்கு போடணும், அதை விட்டுட்டு மெடல் விலையை மட்டும் பாத்து துள்ளக் கூடாது.

போலியைப் பத்தி. பெரிய மெடல்ல ரெண்டு வகை வரும். ஒண்ணு வார்ப்பு, அசலை வச்சு அச்செடுத்து ஊத்துனது. உருக்குன உலோகம் ஆறும்போது சுருங்குறதால அளவு ஒரு பொடிக்கு குறையும், தலைமுடி வரி எல்லாம் மொழுக்குன்னு இருக்கும், வெறும் இடத்துல ஊசி குத்துன மாதிரி குழி இருக்கும். இன்னொண்ணு மின்சாரத்தால செம்பு படிய வச்சு ரெண்டு ஓடா எடுத்து ஒட்டுனது, இது முகத்துல அசலையே தோக்கடிக்கும், ஆனா விளிம்பைச் சுத்திப் பாத்தா ஒட்டு தெரியும். ரெண்டையும் பிடிக்குற இடம் விளிம்புதான். விக்கிறவன் முன்பக்கம் பின்பக்கம்னு பத்து போட்டோ அனுப்புவான், விளிம்புக்கு ஒண்ணு அனுப்ப மாட்டான், கேட்டு வாங்கணும். காலிப்பர் வச்சு அளந்த போட்டோவும் எடையும் கூட கேளுங்க, உள்ள சாமான் வச்சிருக்குறவன் சலிக்காம அனுப்புவான்.

சட்டம் ஒண்ணு இருக்கு, மஸ்கட்ல இருக்குற தம்பிக்காக சொல்லுகேன், ஏன்னா அவன்தான் பேசாம அங்க வரவழைச்சு கையில கொண்டு வாறேன், மாமாக்கு பிடிக்கலைன்னா திரும்பக் கொண்டு போய் வித்துருதேன்னு சொன்னான். கொண்டு வரலாம், சுங்கத்துல சொல்லி வரியைக் கட்டிட்டு. திரும்பக் கொண்டு போறதுதான் முடியாது. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின நாணயம், கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள் கணக்குல வரும், அதை அனுமதி இல்லாம நாட்டை விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. ஆக 1863ஓ, தேனீ குத்துன நெப்போலியனோ, நாகர்கோவிலுக்கு வந்துட்டா பிறகு இங்கதான். பிடிக்கலைன்னா உள்நாட்டுலதான் விக்கணும். 1981க்கு இந்த தொந்தரவு இல்ல, அதுக்கு இருக்குற ஒரே பெருமை அதுதான்.

வச்சிருக்குற விஷயத்துலயும் எல்லா மெடலும் ஒண்ணு இல்ல. நம்ம மாவட்டம் மூணு பக்கமும் உப்புக் காத்து, போதாக்குறைக்கு ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகைலயும் மழை. செம்பு, வெண்கலத்துக்கு உப்பும் ஈரமும் சேந்தா வெளிர்பச்சைல மாவு மாதிரி பூக்கும், தொட்டா உதிரும், ஒரு தடவை பிடிச்சா உள்ள தின்னுக்கிட்டே போகும். செம்பு நிக்கல்ல அந்தப் பயம் கம்மி. நாணயக்காரங்க வழக்கமா வைக்குற வழவழ பிளாஸ்டிக் ஆல்பம் இருக்கே, பிவிசி, அது இதை விட மோசம், நாள்பட பிசுபிசுன்னு பச்சையா ஒட்டிக்கிடும். கடினமான காப்ஸ்யூல், கூட சிலிக்கா ஜெல் பொட்டலம், மழைக்காலம் முடிஞ்சதும் பொட்டலத்தை மாத்தணும், அவ்வளவுதான். தேங்காண்ணெய் தடவாதீங்க, நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் அதுதான் மருந்து, இதுக்கு ஆகாது. 77 மில்லிமீட்டருக்கு காப்ஸ்யூல் சாதாரணமா கடைல கிடைக்காது, மெடலோட சேத்தே ஆர்டர் போட்டுரணும்.

இன்னொரு ஆபத்து அடுக்களைலருந்து வரும். மாமிக்கு பழுப்பா ஒரு உலோகம் கண்ணுல பட்டா புளியைக் கரைச்சிருவாவ, கோயிலுக்கு கொண்டு போற குத்துவிளக்கை அப்பிடித்தான் பளபளன்னு வச்சிருக்காவ. அந்த சாக்லேட் பூச்சு புளிக்கு ஒரு நிமிஷம் தாங்காது, சிவப்பா செம்பு தெரிஞ்சிரும், திரும்பக் கொண்டு வர முடியாது, விலையும் அன்னைக்கே விழுந்துரும். அதனால மெடலை மேடைல மாமா கைல குடுக்கும்போதே, இதைத் தேய்க்கக் கூடாதுன்னு மாமிட்ட பேசுற பொறுப்பை பெரியக்காட்ட விட்டுருக்கு, அவ சொன்னாத்தான் மாமி கேப்பாவ.

ஆக நிலவரம் இதுதான்: 1863 லண்டன் மெடல், ரெண்டு பேருட்ட இருக்கு, ஒருத்தன் பெட்டியோட, இன்னொருத்தன் பெட்டி இல்லாம ஆனா மெடல் இன்னும் சுத்தம். நான் ரெண்டாவது ஆளுக்க பக்கம். விளிம்பு போட்டோவும் 77 காட்டுற காலிப்பரும் வந்தா பணம் போகும். வரலைன்னா தேனீ குத்துன நெப்போலியன், மாமிட்ட ஜோசபின் பேரை எடுக்காம. சின்னவன் இன்னும் 1981ஐ விடல, அவனுக்கு வேணும்னா அவன் காசுல தனியா வாங்கிக் குடுக்கட்டும்.